சாமிக்கு முடிந்த காசு

"அந்தக் காசைப் பத்தி மட்டும் பேசாதே குணா. அது சாமி காசு!"

சின்னையாவின் குரல் உள்ளறைக்கும் கேட்டிருக்கும். அங்கே மகன் அர்ஜுனன் சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தான். இரண்டு வருடமாக அவனுக்கு ஊர் உலகமெல்லாம் அந்த ஜன்னல்தான்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள் குணவதி. "வசூல் பண்ற சல்மா அக்கா இப்பதான் சொல்லிட்டுப் போறாங்க. நாளையோட கெடு முடியுது. இன்னும் ஐந்நூறு வெள்ளி குறையுதாம்."

தண்ணீர்மலைப் பக்கத்துப் பூங்காவின் நடைபாதைக்குத்தான் அந்த வசூல். மரவேர் கிளப்பி, சிமெண்டு பெயர்ந்து, அது கிடந்த கிடப்பில் நல்ல காலுள்ளவர்களே தடுக்கி விழுந்தார்கள். அதைச் செப்பனிட்டு, படிகளுக்குப் பக்கத்தில் சரிவுப் பாதையும் கைப்பிடியும் போட்டால் சக்கர நாற்காலி ஓடை வரைக்கும் போகும். பாதிச் செலவை மக்கள் திரட்டினால் மீதியை நகராண்மைக் கழகம் தரும். இல்லையென்றால் திட்டம் குப்பைக்கூடைக்குத்தான்.

மோட்டார் சைக்கிள் விபத்துக்கு முன்னால் அர்ஜுனன் தினமும் ஓடிய பாதை அது.

"நம்ம புள்ளைக்குத்தாங்க கேக்கறேன். அவன் ஒரு மரத்தடியில உக்காந்து எத்தனை நாளாச்சு?"

"அவன் நடந்தே போவான். சரிவு கிரிவெல்லாம் அவனுக்கு எதுக்கு? டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

மறக்குமா? ஏப்ரல் ஏழாம் தேதி அவள் மகனோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்க, சின்னையா மட்டும் டாக்டர் அறைக்குள் போனார். சிரித்த முகமாக வெளியே வந்து, "ஒரு வருஷத்துல எழுந்து நடந்துடுவானாம்லா!" என்றார். மூன்று மாதமாக அந்த ஒரு சொல்லில்தான் அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

மகன் நடந்தால் அப்பனும் பிள்ளையுமாகக் காவடி எடுப்பதாக விபத்து நடந்தபோதே வேண்டுதல். அவருடைய ஓவர்டைம் காசும் அவளுடைய தையல் கூலியுமாக அறுநூறு வெள்ளி. அதோடு பதினோரு காசும் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து முருகன் படத்தின் முன் வைத்திருந்தார்கள்.

"நடக்கிற அன்னைக்கு நடக்கட்டும். அதுவரைக்கும் ஜன்னலே கதின்னு கிடக்கணுமா? எடுத்துட்டு அப்புறம் சேத்து வச்சிடலாங்க."

"முடிச்சை அவிழ்த்தா அவன் நடக்கவே மாட்டான். அந்தப் பாவம் நமக்கு வேணாம்."

கல்லைக் கரைத்தாலும் கரைக்கலாம், இந்த மனுஷனைக் கரைக்க முடியாது. சாமி மேல் அவருக்கு இருக்கும் நம்பிக்கையில் பாதிகூடத் தனக்கு இல்லையே என்று குணவதிக்கு வெட்கமாக இருந்தது. சின்னையா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

"அம்மா," உள்ளேயிருந்து அர்ஜுனன் கூப்பிட்டான். "அப்பாகிட்ட சண்டை போடாதீங்க. எனக்கு ஜன்னல் போதும்மா."

அந்தப் 'போதும்' அவளை ஈட்டியாகக் குத்தியது. நேரே சாமி படத்தின் முன் போய் நின்றாள்.

"முருகா, பாவம் என் தலையோட போகட்டும். புள்ளையை ஒண்ணும் செஞ்சிடாதே!"

முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

உள்ளே பதினோரு காசு அப்படியே இருந்தது. நோட்டு ஒன்றுகூட இல்லை. நான்காக மடித்த ஒரு ரசீது மட்டும் கிடந்தது. பூங்காப் பாதை நிதிக்கு அறுநூறு வெள்ளி, கொடுத்தவர் 'பெயர் வேண்டாத அன்பர்', தேதி ஏப்ரல் ஏழு, டாக்டரைப் பார்த்த அதே நாள்.

குணவதி நெடுநேரம் சுவரில் சாய்ந்து அழுதாள், மகனுக்குக் கேட்காமல்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்த சின்னையாவின் கண் முதலில் சாமி படத்துக்குத்தான் போனது. மஞ்சள் முடிச்சு முன்போலவே இறுகி, இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகுதான் மனைவியின் கழுத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தப்பிய ஒரே நகையான தாலிக்கொடியைக் காணோம். வெறும் மஞ்சள் கயிற்றில் தாலி தொங்கியது.

"குறைஞ்ச காசைக் கட்டிட்டேன். அவன் எழுந்து நடக்கிற வரைக்கும்தானே அந்தப் பாதை," என்றாள் குணவதி, அவர் முகத்தைப் பார்க்காமல். "சாமி காசை நான் தொடவே இல்லைங்க."