சிவப்புக் கொடி பத்தடி நகர்ந்த கதை

ஐம்பது வருடமாகக் கொட்டிய சுரங்கக் கழிவில் ஆன்டிமனி உலோகம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் வானுலகச் சக்கரவர்த்தி. இன்னொருவர் எங்கள் ஓயாங் மாஸ்டர்.

சொன்னது ஓயாங் மாஸ்டர்தான்.

அரைத்த கழிவைத் தொட்டியில் கரைத்து, மருந்து விட்டுக் காற்றை ஊதினால், ஆன்டிமனி நுரையில் தொற்றிக்கொண்டு மேலே வரும். நுரையின் முகத்தைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைப்பதுதான் எங்கள் பிழைப்பு.

முதல் வரிசைத் தொட்டிகள் மாஸ்டருடையவை. இரண்டாம் வரிசை, மூன்று வருடம் முன்பு சேர்ந்த பெங் ஷூயூனுடையது. எந்த வரிசை அதிகம் எடுக்கிறதோ அதன் மேல் அந்த மாதம் சிவப்புக் கொடி தொங்கும். ஒன்பது வருடம் மாஸ்டரின் தலைக்கு மேல் தொங்கிய கொடி, இந்த வசந்தத்தில் பத்தடி நகர்ந்து அவளிடம் போய்விட்டது.

அன்றிலிருந்து மாஸ்டர் சாப்பாட்டில் மிளகாயைக் குறைத்துவிட்டார். மிளகாய் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் ஹூனானில் இதற்கு ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போவார்கள்.

“சின்னப் பெங், உன் நுரை சோகை புடிச்ச மாதிரி இருக்கே?”

“அப்படியா மாஸ்டர்? கொடிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்.”

போன மாதம் மாகாண அதிகாரி வந்தார். இரண்டு பேரில் ஒருவரைத் தலைமை ஆளாக அவர் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. அவர் வாசலில் தேநீர் குடிக்க, கூட வந்த புகைப்படக்காரர் உள்ளே சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்.

திடீரென்று பெங்கின் தொட்டி பாலாகப் பொங்கியது. நுரை கிளப்ப விடும் பைன் எண்ணெய் அதிகமானால் அப்படித்தான். மேலே வெள்ளை நுரை, உள்ளே வெறும் சேறு.

பெங்குக்கு முகம் வெளுத்தது. மாஸ்டர் துக்கம் விசாரிக்க வந்தவர்போலத் தலையை ஆட்டினார்.

அதிகாரி உள்ளே வந்தார். மாஸ்டரின் தொட்டியில் ஈயச் சாம்பல் நிறத்தில், கனத்து, அடக்கமாக நின்றது நுரை. நிஜமாகவே முதல்தர நுரை. அதிகாரி அதைத் தாண்டிப் போனார்.

“அடேயப்பா! இதுல்ல உற்பத்தி!” என்று பெங்கின் தொட்டியருகே நின்று கைதட்டினார். எல்லோரும் தட்டினோம்.

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு அவரும் தட்டினார்.

அன்று புகைப்படக்காரர் எடுத்த, தலைமை ஆள் பெங்கின் படம் இப்போது சாப்பாட்டுக் கூடத்தில், ஆளுயரத்தில் மாட்டியிருக்கிறது. எனாமல் கிண்ணத்தில் நுரையைக் கழுவிக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் பின்னால், அவளுடைய பைன் எண்ணெய்க் குழாயைத் திறந்துகொண்டிருப்பவர் ஓயாங் மாஸ்டர்.