கண் வைக்கும் துளை

அம்பத்தூர் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் வெயில் தாழ்கிறது. கஜபதி தம் கையால் செய்த தொலைநோக்கியின் வாய்ப்புறத்தில், வெளிச்சத்தைத் திருப்பி விழிக்குக் கொண்டுவரும் சின்னக் கண்ணாடி இருந்த இடத்தில், மகள் வித்யா மாட்டிய கேமரா கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது. கழற்றிய கண்ணாடியோ சோப்பு டப்பாவுக்குள் பஞ்சின் மேல் கிடக்கிறது. அதில் ஒரு துண்டு வானம் தெரிகிறது. அவர் குனிந்து துளையில் கண் வைக்கிறார். ஒரே இருட்டு. நிமிரும்போது மீசை துடிக்கிறது. "யாரைக் கேட்டுக் கழட்டின?" "கேமராலதான்பா மங்கலா இருக்கிறதெல்லாம் புடிக்க முடியும். வர்றவங்களுக்கு லேப்டாப்ல காட்டிடலாம்." "டிவி பாக்கவா மூணு மாடி ஏறி வராங்க? சனி வளையத்த உங்க கண்ணாலயே பாக்கலாம்னு வீடு வீடாப் போய்ச் சொன்னது நானு. இப்பவே மாட்டு." "மாட்டி நேராக்க ஒரு மணி நேரம் ஆவும்பா." டப்பாவின் மூடியை அழுத்தும் அவர் விரல்கள் வெளுக்கின்றன. தொழிற்பேட்டைப் பக்கம் ஆலைச் சங்கு ஊதி ஓய்கிறது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வருகிறது, மூச்சிரைப்புக்கு நடுவே கீழ்வீட்டு நாகம்மாவின் குரல்: "சார், மொத ஆளா நான்தான் பாப்பேன்." இருபது வருடமாக அந்தத் துளையில் கண் வைத்து ஏமாந்தவர் ஒருவருமில்லை. கஜபதி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, துளையைத் தம் உடம்பால் மறைத்து நிற்கிறார்.