முதல் குழாய்

மதிய வெயில் ஆய்வுக்கூட மேசையில் விழுகிறது. திரையில் நூற்றிருபது பேரின் ரத்தப் பரிசோதனை முடிவுகள். அத்தனையிலும் ‘நோய் இல்லை’. அதைக் கொண்டாடக் கையைக்கூடக் கழுவாமல் கேக் வெட்டிய தலைமை ஆய்வாளர், விரலில் ஒட்டிய கிரீமை நக்குகிறார். மிஷினுக்குப் புரோகிராம் எழுதியவள் திரையைச் சுட்டிக்காட்டுகிறாள். “சார், புரோகிராம் ஒவ்வொரு சுத்துலயும் அடுத்த ஆளோட குழாய்க்குப் போகவே இல்ல. நூத்தி இருபது தடவையும் முதல் குழாயோட பதிவையே படிச்சிருக்கு. அது மிஷினச் சரிபார்க்க வச்ச வெறும் தண்ணி.” “ரிப்போர்ட் குடுக்க ஆரம்பிச்சாச்சும்மா. நாளைக்குப் பாத்துக்கலாம், இதச் சாப்பிடு,” என்று அவர் அதே விரலால் ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளுகிறார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால், வரிசையில் நின்ற ஒரு பெண் ரிப்போர்ட் தாளை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொள்கிறாள். பிறகு கைப்பையைத் திறந்து, பிரிக்காத மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் குப்பைக்கூடையில் போடுகிறாள்.