அடியில் இருந்த எண்

தோஹா தொழில்பேட்டையில் வண்டிகளுக்கு எண் எழுதுவதில் வீரபாண்டியை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கர்வம் அவனுக்கும் உண்டு. எழுதி முடித்ததும், ஈரம் காய்வதற்குள், கடைசி எண்ணின் காலடியில் வலது கட்டைவிரலை ஒற்றி எடுப்பான். விரலின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. அதுதான் அவன் கையெழுத்து.

அன்று காலை பட்டறைக்கு ஒரு பழைய ஹெலிகாப்டர் வந்தது. வியட்நாம் போரில் பறந்தது. காட்சிக்கு வைக்க ஒரு ஷேக் வாங்கியிருந்தார்.

“சண்டைக்குள்ள படைப்பிரிவுகளைக் கலைச்சுக் கலைச்சு மாத்தினவங்கள்,” என்றார் யாழ்ப்பாணத்துச் சூப்பர்வைசர் கிருபன். “ஒவ்வொருக்காலும் பழைய நம்பருக்கு மேல புது நம்பர் அடிச்சிருக்கிறாங்கள். ஷேக்குக்கு ஆக அடியில இருக்கிறதுதான் வேணுமாம்.”

“விடுங்கண்ணே, கீறல் இல்லாம எடுத்துத் தாரேன்.”

உப்புத்தாளால் பதமாகத் தேய்த்தான். வெள்ளை எண் போனது. அதற்கடியில் இருந்த மஞ்சள் எண்ணும் போனது. அதற்கும் கீழே சிவப்பில் 47 துலங்கியது. பிசிறே இல்லாத எழுத்து.

“ஆர் எழுதினானோ, நல்ல கைகாரன்,” என்றார் கிருபன்.

ஏழின் காலடியில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. குறுக்கே தழும்பு.

“இது நான் எழுதினதுண்ணே,” என்றான் வீரபாண்டி, பெருமை அடங்காமல்.

கிருபன் சிரித்தார். “அந்தச் சண்டை நேரம் உன்ர கொப்பரே சின்னப் பொடியனடா.”

வீரபாண்டி தன் கட்டைவிரலை அந்த ரேகையின் மேல் வைத்தான். அச்சாகப் பொருந்தியது. எடுத்துப் பார்த்தான். விரலில் சிவப்புப் பெயின்ட், இன்னும் காயாமல்.