நண்பருக்கு ஒரு சந்தேகம்

“எனக்கில்லீங்க சிஸ்டர். ஒரு நண்பருக்காகத்தான் கேக்க வந்தேன்.”

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள். ஆண்களை விரும்பும் ஆண்களுக்கென்றே நடக்கும் அந்தச் சிறிய கிளினிக்கில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. அவள் அனுபவத்தில், அந்த நண்பர் எப்போதும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பார். உண்மையைப் பிடுங்கி எடுக்கக் கூடாது. அது தானாக வரும்வரை நாமும் நண்பரை நலம் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வந்தவனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கண்ணாடிக் கடையில் வேலை என்றான். பேச்சு தடுமாறும்போதெல்லாம் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைக்கத் துடைக்க விஷயம் வெளியே வந்தது.

நண்பருக்குப் பெண்களையும் பிடிக்கும், ஆண்களையும் பிடிக்கும். கூட இருந்தவங்க போன பிறகு ரொம்பத் தனியாகிவிட்டார். யாரோ ஒரு ஆப்பைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பழக்கமானவர்கள் வார இறுதியில் ஒரு வீட்டில் கூடுவார்கள். கிரிஸ்டல் என்று ஒரு போதைத் தூள். அது உள்ளே போனால் கூச்சம் பறந்துவிடும், கூடவே பசியும் தூக்கமும். சனிக்கிழமை போனவர் திங்கட்கிழமை பேயறைந்த முகத்தோடு வீட்டுக்கு வருவார். யாரோடு இருந்தார், ஆணுறை போட்டாரா என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது.

‘அவர்’, ‘இவர்’ என்று அவன் பேசியது சிஸ்டரின் காதில் விழாமலில்லை. இந்த அறையில் நண்பனை எல்லாரும் ‘அவன்’ என்றுதான் சொல்வார்கள். சிலர் ‘அந்த நாய்’ என்றும் சொன்னதுண்டு. தன்னைத்தானே இத்தனை மரியாதையாகக் குறிப்பிடுகிற ஆளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். பரவாயில்லை, சுயமரியாதை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தாள்.

“உங்க நண்பர் தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?”

“பிரஷர் மாத்திரை.”

“பிரஷரா?”

“எங்க குடும்பத்துல எல்லாருக்குமே உண்டுங்க” என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மாட்டிக்கொண்டான். சிஸ்டர் கவனிக்காதவள் போலத் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிரஷர் உள்ளவருக்கு அந்தத் தூள் இதயத்தையே பதம் பார்த்துவிடும் என்று எடுத்துச் சொன்னாள். படுக்கையில் வீரியத்துக்காகப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகளும் சேர்ந்தால் இன்னும் ஆபத்து என்றாள்.

அவன் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். போன வாரம் அந்த வீட்டுக் குளியலறையில் நண்பர் மயங்கி விழுந்துவிட்டாராம். போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்து யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. நண்பரின் போனிலிருந்து யாரோ தகவல் சொல்ல, அவர் வீட்டு ஆள் ஒருவர் போய்த் தூக்கி வந்ததால் உயிர் தப்பியது. வீட்டுக்கு விஷயம் தெரிந்ததே அன்றைக்குத்தான்.

“அடுத்த தடவை செத்துப்போயிடுவாரோன்னு பயமா இருக்கு சிஸ்டர்.”

இதற்கு மேல் அவனைச் சோதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. ரத்தப் பரிசோதனையை இன்றைக்கே செய்துவிடலாம் என்றாள். எச்ஐவி வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. பழக்கத்திலிருந்து மெல்ல வெளியே கொண்டுவர, முகம் சுளிக்காத டாக்டர் ஒருவர் இருக்கிறார். மறுபடி யாராவது மயங்கினால் மானத்தைப் பார்க்காமல் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொன்றையும் அவன் பரீட்சைக்குப் படிக்கிறவன் போல வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

“கூட யாராவது வந்திருக்காங்களா?”

“அப்பா. வெளியில உட்கார்ந்திருக்கார். உள்ள வர மாட்டேங்கறார்.”

“கோவமா?”

“வெட்கம். ஒரு வாரமா என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறார்.”

இப்படி எத்தனை அப்பாக்களைச் சிஸ்டர் பார்த்திருக்கிறாள். நான் அவரோடு பேசட்டுமா என்று கேட்டதும் அவனுக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

“பேசுங்க சிஸ்டர். நீங்க சொன்னா கேட்பார்.”

வராந்தாவில், ஆணுறை விளம்பரத்துக்கு நேர் கீழே, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் அப்பா குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் பக்கத்தில் அமர்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க பிள்ளை எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. யாரைப் பிடிக்கும்ங்கறது ஒரு குத்தமே இல்ல. இந்தப் பழக்கத்துலேர்ந்தும் வெளிய வந்துடலாம். ஆனா வீட்ல இருக்கறவங்களே முகத்தைத் திருப்பிக்கிட்டா அந்த மனுஷன் எங்க போவார்? திட்டாம, உள்ள வந்து பக்கத்துல உட்காருங்க. அது போதும்.”

அவர் மெல்ல எழுந்து, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டார்.

“அவன் என்னைத் திட்டவே இல்லம்மா. அவங்க அம்மா போனதுலேர்ந்து எனக்கிருக்கற ஒரே நண்பன் அவன்தான். கொஞ்ச நேரம் அவனை வெளியில அனுப்புங்க. பெத்த பிள்ளை எதிர்ல இதுக்கெல்லாம் ரத்தம் குடுக்க எனக்குக் கூச்சமா இருக்கு.”