கயிற்றில் தப்பாத கணக்கு

இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் அறையில், துணி போடக் கட்டிய கயிற்றில் ஒரு கட்டெறும்பு இருந்தது. குவாண்டம் புலக் கோட்பாட்டில், துகள்கள் ஒரே கோட்டில் ஓடும் சில மாதிரிகளின் கணக்கை மட்டும் அணுவளவும் பிசகாமல் தீர்த்துவிடலாம் என்று அவர் பாடம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, கயிற்றில் எந்த எறும்பு எதை எங்கே சந்திக்கும் என்று அதுவும் சொல்லப் பழகியது. அதன் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

ஒரு காலை, சிற்றெறும்பு ஒன்று மூச்சிரைக்க ஏறி வந்தது.

"அண்ணே, தரையைக் கழுவுறாங்க. என் முட்டையெல்லாம் அந்த மூலையில இருக்கு. எப்படிப் போறது?"

கட்டெறும்பு கீழே பார்த்தது. தண்ணீர், துடைப்பம், கால்கள் எல்லாம் நாலாபுறமும் ஒன்றாக அலைந்தன. அதற்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கயிற்றுக் கணக்கையே போட்டு, "நேராப் போ, ஒண்ணும் ஆகாது" என்றது.

சிற்றெறும்பு நம்பிப் போனது. பாதி வழியில் துடைப்பம் அதை வாரிக்கொண்டு போயிற்று.

தரை காய்ந்ததும் கட்டெறும்பு முதன்முறையாகக் கீழே இறங்கியது. பலமுறை வழி தவறி அந்த மூலையைக் கண்டுபிடித்தது. முட்டைகளில் ஒரு பொட்டு ஈரமில்லை. தண்ணீர் அந்தப் பக்கமே வந்திருக்கவில்லை.

கட்டெறும்பு அந்த முட்டைகளின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கயிற்றுக்குத் திரும்பவே இல்லை.