கடைசியாக உட்காருகிறவள்

பயிற்சி அறையின் பித்தளை டிரம்பெட்டுகளில் பட்ட வெயில் கூரையெங்கும் துள்ளுகிறது. பேண்டு மாஸ்டர் கையை உயர்த்த, எல்லோரும் நின்றபடி ஒரே சுரத்தை ஊதுகிறார்கள். மூச்சு தீர்ந்தவர் உட்கார வேண்டும். கடைசிவரை நிற்பவருக்குத்தான் போட்டியில் தனி வாசிப்பு. நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிடுகின்றன. மிச்சம் இரண்டே பேர். ஒருவன் போன தடவை ஜெயித்தவன், எல்லோரும் 'புயல்' என்று கூப்பிடுபவன். இன்னொருத்தி, அன்று முதல் ஆளாக இருமிக்கொண்டு உட்கார்ந்த நெட்டச்சி. இருவரும் பின்பக்கச் சுவரோரம் ஒரே மாம்பழ வாசனை வேப்பை, அந்த மின்சிகரெட்டை, மாற்றி மாற்றி இழுத்த கூட்டாளிகள். அவள் அதை விட்டு இரண்டு மாதமாகிறது. இன்று அவள் கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் நீர் கோர்க்கிறது, சுரம் மட்டும் இம்மியும் அசையவில்லை. "விடாதடி, விடாத!" என்று டிரம்காரி குச்சியால் தன் தொடையிலேயே அடித்துக்கொள்கிறாள். புயலின் சுரம் நடுங்குகிறது, உடைகிறது, இருமலாகிறது. பொத்தென்று உட்காருகிறான். "புயல் கரையக் கடந்துருச்சுடோய்!" என்று உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் கத்துகிறான். அவளோ இன்னும் ஊதுகிறாள். மாஸ்டர் உயர்த்திய கையை இறக்க மறந்து வாயைப் பிளந்து நிற்கிறார். ஒருவழியாக அவள் டிரம்பெட்டை இறக்கியதும் அறையே கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்துகிறது. "ஏய், எப்புடிடி?" என்கிறான் புயல், இருமலுக்கு நடுவே. அவள் மூச்சு வாங்குகிறாள். சிரித்துக்கொண்டே விரலை நீட்டுகிறாள், அவன் சட்டைப்பையில் தலைநீட்டும் வேப்பை நோக்கி.